குறைதீர்ப்புக் குழுக்கள் பெயரளவில் நின்றுவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்ததையொட்டி, வேலைநிறுத்த உரிமை, ஆட்குறைப்பு வரம்பு, பணிக்கொடை ஆகியவை பற்றி நாளிதழ்களில் நிறைய எழுதப்பட்டுவிட்டது. தொழில் உறவுகள் தொகுப்பின் 4-வது பிரிவைப் பற்றி மட்டும் அதிகம் பேசக் காணோம். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு தொழில் நிறுவனத்திலும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும் என்று சொல்கிற பிரிவு அது. ஆந்திர எல்லையில் சத்தியவேட்டில் குடியிருப்பவன் என்ற முறையிலும், கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆலையின் பணியாளர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், எங்கள் வட்டாரத்துக்கு மற்றப் பிரிவுகளைவிட இதுவே முக்கியம் என்று கருதுகிறேன். காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல இடம் தர வேண்டுகிறேன்.

இந்த ஏற்பாடு முற்றிலும் புதியதன்று. பழைய தொழில் தகராறு சட்டத்தில் 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே 9-சி என்ற பிரிவாக இது முன்பே இருந்தது. ஆனால் நான் அறிந்த ஆலைகளில், ஆய்வாளர் வந்தால் காட்டுவதற்கு ஒரு கோப்பும் அறிவிப்புப் பலகையில் நான்கைந்து பெயர்களும் இருந்தால் போதும் என்ற அளவிலேயே அது நடந்தது. புதிய தொகுப்பு இதைச் சற்று வலுப்படுத்தியிருக்கிறது. குழுவில் பத்துப் பேர் வரை இருக்கலாம். இரு தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். ஆலையில் பெண்கள் எந்த விகிதத்தில் இருக்கிறார்களோ அதற்குக் குறையாமல் குழுவிலும் இருக்க வேண்டும். மனுவை முப்பது நாளுக்குள் முடிக்க வேண்டும். தொழிலாளர் தரப்பு உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அது முடிவாகவே கருதப்படாது. இந்தக் கடைசி வரி மிகவும் நல்ல வரி. ஆனால் அதன் பயன் முழுவதும், அந்தத் தொழிலாளர் தரப்பு உறுப்பினர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது. அந்த முறையைத் தொகுப்பு தானே வகுக்காமல் விதிகளுக்கு விட்டுவிட்டது.

எங்கள் பகுதியின் நிலையை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். சத்தியவேடு, வரதய்யபாளையம், தடா வட்டாரத்தில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை ஏரிப் பாசன நெல்லும் நிலக்கடலையும் மாந்தோப்பும்தான் பிழைப்பு. ஆலை வேலை என்றால் தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போக வேண்டும். நெசவுக் குடும்பங்களுக்கு மேற்கே நகரி, புத்தூர்ப் பக்கத்து விசைத்தறிகள் இருந்தன. அந்தத் தறிக்கூடங்களில் முதலாளியும் தொழிலாளியும் பெரும்பாலும் ஒரே தெருக்காரர்கள், பல நேரம் ஒரே சாதி, சில நேரம் நெருங்கிய உறவு. கூலி உயர்வைக்கூட, “மாமா, இந்தப் பாவுக்குக் கொஞ்சம் சேர்த்துக் குடுங்க” என்றுதான் கேட்க முடியும். அந்த உறவை நான் உயர்த்திச் சொல்ல வரவில்லை. வாங்கிய முன்பணம் தீரும் வரை வேறு தறிக்குப் போக முடியாத கட்டு அதில் இருந்தது. உறவுமுறையே வாயை அடைத்துவிட்ட வீடுகளையும் பார்த்திருக்கிறேன். ஆயினும் தன் குறைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதில் அங்கே எவருக்கும் ஐயம் இருந்ததில்லை.

2008-ல் எங்கள் பகுதியில் ஸ்ரீசிட்டி என்ற தொழில் நகரம் தொடங்கப்பட்ட பிறகு ஜப்பான், தைவான், கொரிய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காரும் கைப்பேசியும் ஏ.சி.யும் சாக்லேட்டும் இங்கே உருவாகின்றன. ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், ஆரம்பாக்கம், சூளூர்பேட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து, எல்லையின் இரு புறமும், விடியும் முன்பே கம்பெனி பஸ்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. இந்த ஆலைகள் வந்ததால் எத்தனையோ வீடுகளில் பெண்பிள்ளைகள் முதல் தடவையாகத் தங்கள் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதை மனமார வரவேற்கிறவன் நான்.

எங்கள் தெருவைச் சேர்ந்த ஓர் இளம்பெண் இந்த வட்டாரத்து ஆலையொன்றில் வேலை செய்கிறார். அவருடைய அடையாள அட்டையின் நாடா ஒரு நிறம். எதிரில் நின்று அதே லைனில் அதே வேலையைச் செய்யும் நிரந்தரத் தொழிலாளியின் நாடா வேறு நிறம். சில மாதங்களுக்கு முன் இரவு ஷிப்ட் படி சம்பளத்தில் வராதபோது லைன் லீடரைக் கேட்டார். லைன் லீடர் கான்ட்ராக்டரைக் கேட்கச் சொன்னார். கான்ட்ராக்டரின் ஆள், கம்பெனி பில் பாஸ் ஆகவில்லை என்றார். ஹெச்.ஆர். அலுவலகத்தில், “நீங்க எங்க ரோல்ல இல்லம்மா” என்று பதில் வந்தது. சம்பளச் சீட்டில் கான்ட்ராக்டரின் பெயர் ஏற்கெனவே ஒரு தடவை மாறியிருக்கிறது. நின்று வேலை செய்யும் மேசை மாறவில்லை. படித் தொகை பெரிதில்லை. அதைக் கேட்பதற்கு ஓர் ஆள் இல்லை என்பதைத்தான் அந்தப் பெண்ணால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குத் தென்கொரியாவின் வரலாறு காரணம். ஒரே தலைமுறையில் வேளாண்மையிலிருந்து கனரக ஆலைகளுக்கு மாறிய நாடு அது; இன்று அந்நாட்டு நிறுவனங்கள் நம்மிடையே ஆலை நடத்துகின்றன. அந்த நாட்டில் நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் இடையிலான உறவு எந்த வழியில் நடந்து வந்தது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

அங்கே தொழிலாளர் தரநிலைச் சட்டம் 1953-லேயே வந்துவிட்டது. ஏட்டளவில் நல்ல சட்டம். சியோல் நகரின் பியோங்ஹ்வா சந்தையில் தாழ்ந்த கூரையுடைய தையற்கூடங்களில் சிறுமிகள் இரவு பகலாக வேலை செய்துகொண்டிருந்தபோது, ஜியோன் டே இல் என்ற இளம் தையல் தொழிலாளி அந்தச் சட்டத்தைத் தானே படித்து அறிந்தார். தோழர்களைச் சேர்த்துக்கொண்டு, கேள்வித்தாள் கொடுத்துத் தொழிலாளரின் நிலையைத் திரட்டி, அரசு அலுவலகத்தில் மனு கொடுத்தார். கேட்பாரில்லை. 1970 நவம்பர் 13 அன்று, தொழிலாளர் தரநிலைச் சட்டத்தைக் கடைப்பிடியுங்கள், நாங்கள் எந்திரங்கள் அல்லர் என்று முழங்கியபடி தன் உடலுக்குத் தீ வைத்துக்கொண்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 22. அவர் கேட்டது புதிய சட்டம் எதையும் அன்று. இருக்கிற சட்டத்தைச் சொல்லிக் கேட்பதற்கு ஓர் இடம்.

அதிபர் பார்க் சுங் ஹீயின் அரசு அந்த இடத்தைத் திறப்பதற்கு மாறாக, 1971 டிசம்பரில் கொண்டுவந்த தேசப் பாதுகாப்புச் சிறப்புச் சட்டத்தால் கூட்டுப் பேரத்துக்கும் கூட்டு நடவடிக்கைக்கும் இருந்த உரிமையை முடக்கியது. ஆலை என்பது குடும்பம், நிர்வாகி தந்தையைப் போன்றவர் என்கிற பிரசாரம் ஆலைதோறும் நடந்தது. 1979 ஆகஸ்டில், மூடப்பட்ட ஒய்.ஹெச். சவுரி ஆலையின் பெண் தொழிலாளர்கள் வேறு போக்கிடம் இல்லாமல் எதிர்க்கட்சி அலுவலகத்தில் தஞ்சம் புகுந்தார்கள். காவல்துறை உள்ளே புகுந்தபோது ஒரு பெண் தொழிலாளி உயிரிழந்தார். அதைத் தொடர்ந்து எதிர்க்கட்சித் தலைவர் நாடாளுமன்றத்திலிருந்து வெளியேற்றப்பட்டதும், புசான், மாசான் நகரங்களில் மக்கள் தெருவில் இறங்கியதும், அக்டோபர் 26 அன்று பார்க் சுங் ஹீ தன் உளவுத்துறைத் தலைவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டதும் சில வாரங்களுக்குள் நடந்தன. ஒரு சவுரி ஆலையின் குறையைக் கேட்க ஆளில்லாமல் போனது ஓர் ஆட்சியையே ஆட்டிப் பார்த்தது.

இனி வருவதுதான் நமக்கு மிகவும் தேவையான பகுதி. 1980-ல் அதிகாரத்தைப் பிடித்த ராணுவத் தளபதி சுன் டூ ஹ்வான், தொழிற்சங்கங்களை ஒவ்வோர் ஆலைக்குள்ளேயே அடைத்து, வெளியார் எவரும் தலையிடக் கூடாது என்று சட்டம் செய்தார். அதே நேரத்தில், ஆலைகளில் நிர்வாகமும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் அமரும் ஆலோசனைக் குழுக்களைக் கட்டாயமாக்கித் தனிச் சட்டமும் வந்தது. ஏட்டில் படித்தால் நம்முடைய 4-வது பிரிவுக்கு அண்ணன் போல இருக்கும். சங்கத்துக்கு மாற்றாக வைக்கப்பட்டவை அந்தக் குழுக்கள்; அச்சம் இருந்த ஆலையில் அவற்றில் அமர்ந்தவரால் மனம் திறந்து பேச முடியவில்லை. ஏழாண்டுகள் மேலோட்டமான அமைதி நிலவியது. 1987 ஜூனில் மக்கள் போராட்டத்தால் ஆட்சி இறங்கிவந்து நேரடித் தேர்தலுக்கு ஒப்புக்கொண்டதும், ஜூலை முதல் செப்டம்பர் வரை நாடு முழுவதும் 3,000-க்கும் மேற்பட்ட தகராறுகள் வெடித்தன. உல்சான் நகரின் பெரிய ஆலைகளில் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வோடு, நல்ல உணவும், தலைமுடியை விரும்பிய அளவில் வைத்துக்கொள்ளும் உரிமையும் இருந்தன. ஆலை வாயிலில் முடியின் நீளத்தைச் சோதிப்பது அதுவரை வழக்கமாக இருந்தது. ஆலோசனைக் குழுவின் ஒரு கூட்டத்தில், தேநீர் குடிக்கும் நேரத்துக்குள் தீர்த்திருக்கக்கூடிய விஷயம் அது.

அந்த எழுச்சிக்குப் பின் கொரியத் தொழில்துறை அழிந்துவிடவில்லை. மூன்று நான்கு ஆண்டுகளில் ஆலைக் கூலி ஏறக்குறைய இரட்டிப்பானது, ஏற்றுமதியும் நடந்தது, 1996-ல் அந்நாடு பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி.யில் உறுப்பினராகவும் ஆனது. ஆனால் இரு தரப்புக்கும் இடையே நம்பிக்கை வளரவில்லை. 1996 டிசம்பர் 26 விடியற்காலையில் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் மட்டும் கூடித் தொழிலாளர் சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியதும், பெரும் பொது வேலைநிறுத்தம் எழுந்தது. 1997 நிதி நெருக்கடிக்குப் பின் 1998 பிப்ரவரியில் அரசு, முதலாளிகள், தொழிலாளர் என மூன்று தரப்பும் கையெழுத்திட்ட உடன்பாட்டின் வழியே ஆட்குறைப்பு சட்டபூர்வமானது. கையெழுத்திட்ட தங்கள் தலைமையை ஒரு தொழிற்சங்கக் கூட்டமைப்பின் பிரதிநிதிகளே ஏற்க மறுத்தார்கள். அதற்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் கண்ட வழி, சங்கத்தோடு பேசுவதைக் காட்டிலும் வேலையைத் துணை ஒப்பந்தக்காரர்களிடம் தள்ளிவிடுவது எளிது என்பது. ஒரே ஆலையில் இரண்டு வகைத் தொழிலாளர் உருவானார்கள். அந்தப் பிளவைச் சட்டத்தால் ஓரளவாவது சரிசெய்ய, துணை ஒப்பந்தத் தொழிலாளரோடு முதன்மை நிறுவனமே பேச வேண்டும் என்ற நிலையை உண்டாக்கும் ‘மஞ்சள் உறைச் சட்டம்’ 2025 ஆகஸ்டில்தான் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

கொரியா அடக்குமுறை, வெடிப்பு, சங்க அங்கீகாரம் ஆகியவற்றைக் கடந்து கடைசியாக வந்து சேர்ந்த இடம் ஒப்பந்தத் தொழிலாளர் முறை. எங்கள் எல்லைப்புற ஆலைகள் அந்த இடத்திலிருந்தே தொடங்கியிருக்கின்றன. நடுவில் கொரியத் தொழிலாளர் போராடிப் பெற்ற எதுவும் இங்கே நடக்கவில்லை. என் கவலை முழுவதும் இதுதான்.

2024-ல் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர் செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர்களுடைய முதன்மைக் கோரிக்கை, தாங்கள் அமைத்த சங்கத்தை ஏற்க வேண்டும் என்பதே. இடையில் ஆலையின் தொழிலாளர் குழு ஒன்றோடு நிர்வாகம் உடன்பாடு செய்துகொண்டது. வேலைநிறுத்தத்தில் இருந்தவர்கள் அதை ஏற்கவில்லை. சங்கப் பதிவு உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. இத்தனைக்கும் சாம்சங் எலக்ட்ரானிக்ஸின் அப்போதைய துணைத் தலைவர் லீ ஜே யோங், சங்கம் இல்லாத நிர்வாகம் என்ற கொள்கையைக் கைவிடுவதாக 2020 மே மாதம் சியோலில் மன்னிப்புக் கேட்டு அறிவித்திருந்தார். நாமும் இதில் புதியவர்கள் அல்லர். 1918 ஏப்ரலில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதன் தலைவர்கள் மீது ஆலை நிர்வாகம் நீதிமன்றத் தடை வாங்கிய அனுபவம்தான் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவகுத்தது. நூறாண்டு கழித்தும் அதே வாசலில் நின்று கேட்க வேண்டியிருக்கிறது.

நிர்வாகத் தரப்பில் இருந்தவன் என்பதால் அவர்களுடைய அச்சமும் எனக்குத் தெரியும். குழு என்று ஒன்றை உட்கார வைத்தால் கோரிக்கை பெருகும், வெளியார் வருவார்கள், உற்பத்தி கெடும் என்பார்கள். என் பொறுப்பில் இருந்த குறைப் பதிவேட்டில் பெரும்பாலும் இருந்தவை இவை: ஆறாம் அளவு பாதுகாப்புக் காலணி ஸ்டோரில் இல்லை, காலை பஸ் ஆரம்பாக்கத்தில் நிற்காமல் போகிறது, கழிப்பறைக்குப் போக ரிலீவர் வருவதில்லை, ஓ.டி. நேரம் குறைத்து எழுதப்பட்டிருக்கிறது. உலைப் பக்கத்தில் மின்விசிறி வேண்டும் என்ற வேண்டுகோள் ஒரு கோடை முழுவதும் ‘பரிசீலனையில்’ என்ற ஒரே குறிப்போடு பக்கத்துக்குப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. பிறகு ஒருநாள் ஒரு ஃபோர்மேன் தகாத வார்த்தை பேசியதில் வேலை நின்றது. தொழிலாளர் துறை அலுவலர் முன்னிலையில் பேச்சுவார்த்தை தொடங்கியபோது, வார்த்தையைப் பற்றிய புகாருக்கு முன்பே எழுந்தது மின்விசிறிப் பேச்சு. நின்ற உற்பத்தியின் மதிப்பில் ஆலை முழுவதற்கும் மின்விசிறி மாட்டியிருக்கலாம்.

ஆகவே குறைதீர்ப்புக் குழுவின் தொழிலாளர் உறுப்பினர்களை, பதிவு பெற்ற சங்கம் இல்லாத ஆலைகளில், ஷிப்ட் வாரியாக ரகசிய வாக்கெடுப்பில், தொழிலாளர் துறை அலுவலர் ஒருவர் முன்னிலையில் தேர்ந்தெடுக்கும்படி ஆந்திர, தமிழக அரசுகள் இரண்டும் விதி வகுக்க வேண்டும். ஹெச்.ஆர். தயாரிக்கும் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது தேர்தல் ஆகாது. குழுவில் இருக்கும் காலத்தில் அந்த உறுப்பினரை வேறு பிரிவுக்கோ வேறு ஊருக்கோ மாற்றுவதாக இருந்தால் தொழிலாளர் துறையின் ஒப்புதல் பெற வேண்டும் என்ற பாதுகாப்பும் தேவை. அது இல்லாவிட்டால் யாரும் நிற்க முன்வர மாட்டார்கள்.

இதைவிடக் கடினமானது, குழுவுக்கு வெளியே நிற்பவர்களின் நிலை. ஒப்பந்தத் தொழிலாளருக்குச் சட்டப்படி முதலாளி கான்ட்ராக்டர். அவருடைய குழுவுக்கு ஆலையின் கேன்டீன் மீதோ ஷிப்ட் அட்டவணை மீதோ எந்த அதிகாரமும் கிடையாது. அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் சேர்க்கப்பட்டவர்கள் தொகுப்பின் வரையறைப்படி தொழிலாளரே அல்லர். லைனில் நிற்பவர்களில் இந்த இரு வகையினரை ஒதுக்கிவிட்டால், பல ஆலைகளில் எஞ்சுவோர் சிறுபான்மையாகவே இருப்பார்கள் என்பது இங்கே வேலைக்குப் போய்வரும் எவருக்கும் தெரியும். இவர்களின் மனுக்களை முதன்மை நிறுவனத்தின் குழுவே விசாரிக்க வேண்டும் என்று மாநில விதிகள் சொல்ல முடியுமானால் சொல்லட்டும். முடியாதென்றால் நிறுவனங்கள் தாமாகவே முன்வந்து இவர்களுக்குச் சிறப்பு அழைப்பாளராக இடம் தரலாம். அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. 2025-ல் ஆந்திர அரசு ஒரு நாள் வேலை நேரத்தின் உச்சத்தை 9 மணியிலிருந்து 10 மணியாக உயர்த்த முடிவெடுத்த செய்தி, எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் 2023-ல் பன்னிரண்டு மணி நேரச் சட்டமுன்வடிவு வந்தபோது சங்கங்கள் எதிர்த்ததால் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. இந்தப் பெண்களுக்கு ஆதரவு, எதிர்ப்பு எதையும் தெரிவிப்பதற்கு ஆலைக்குள் ஓர் இடம்கூட இருக்கவில்லை.

மொழியையும் சொல்ல வேண்டும். ஒரே லைனில் தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா பேசுவோர் நிற்கிறார்கள். குழுவின் மினிட்ஸ் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, அதில் என்ன இருக்கிறதென்று தெரியாமலேயே தொழிலாளர் உறுப்பினர் கையெழுத்திடும் வழக்கம் தொடரக் கூடாது. தெலுங்கிலும் தமிழிலும், தேவைப்படும் ஆலைகளில் மற்ற மொழிகளிலும் எழுதி, கூட்டம் முடிந்த மறுநாளே கேன்டீன் வாசலில் ஒட்ட வேண்டும்.

கடைசியாக, எல்லையில் வாழ்வதால் வரும் ஒரு சிக்கல். ஆலை ஆந்திரத்தில், தொழிலாளியின் வீடு திருவள்ளூர் மாவட்டத்தில், கான்ட்ராக்டரின் அலுவலகம் சென்னையில். குழுவின் முடிவில் நிறைவு இல்லாதவர் அறுபது நாளுக்குள் சங்கத்தின் வழியே சமரச அலுவலரிடம் போகலாம் என்கிறது சட்டம். சங்கமே இல்லாத ஆலையில் அவர் யார் வழியாகப் போவார்? ஒரு நாள் சம்பளத்தை விட்டுத் திருப்பதிக்குப் போனால், கான்ட்ராக்டர் தரப்பு வரவில்லை என்று தேதி தள்ளிப்போகிறது. இரு மாநிலத் தொழிலாளர் துறைகளும் சேர்ந்து மாதம் ஒருநாள், முதல் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு, தடாவிலும் சத்தியவேட்டிலும் மாறி மாறிக் கூட்டு முகாம் நடத்தலாம். இரு தரப்பு அலுவலர்களும் ஒரே மேசையில் அமர்ந்து, தமிழில் எழுதிய மனுவையும் தெலுங்கில் எழுதிய மனுவையும் வாங்கி, கையோடு ரசீது கொடுத்து, அடுத்த முகாமில் பதில் சொன்னால் போதும். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை; இரண்டு ஆணையர்கள் ஒரு கடிதத்தில் முடித்துக்கொள்ளக்கூடிய ஏற்பாடு. திருப்பதி, திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர்கள் இதை முன்னெடுக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆலைப் பணியாளர் ஒருவர்,
சத்தியவேடு, திருப்பதி மாவட்டம்.